முக்கால் மணி நேரம்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற அவரைத் தொழிலில் எல்லோரும் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது என்று சொந்தக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி, கதவில் சிவப்பு எழுத்தில் நாலு டிகிரி என்று காட்டினாலும் சரி, தன் பையிலிருந்து ஒயர் தொங்கும் மீட்டரை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பத்து நிமிடம் காத்திருந்து பார்க்காமல் போகமாட்டார்.

“கதவுல காட்டுறது அது நெனச்சுக்கிட்டு இருக்கிறது. உள்ள என்ன இருக்குன்னு உள்ள போய்த்தான் பார்க்கணும்” என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். பால் கெட்டுவிட்டதா என்று அவர் மனைவி முகர்ந்து பார்த்தால் போதாது. மீட்டர் வரும். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் அவர் மனைவி, வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். “பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு என் நெத்தியில அதை வச்சுப் பார்க்காம விட்டாரே, அதுவே பெரிசு!”

ஆனால் அந்தச் சந்தேகம் தொழிலில் இருந்து மட்டும் வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு மூத்தது ஒரு பையன். இரண்டு வயதுவரைதான் இருந்தான். மூன்று முறை நெஞ்சில் சளி கட்டி டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். மூன்று முறையும் ஒரே பதில். “சாதாரண சளிதாங்க. குழந்தைன்னா பிடிக்கத்தான் செய்யும்.” நான்காவது முறை தூக்கிப் போக அவனே இல்லை. அதற்குப் பிறகு அவர் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் சொல்வதையும் கதவில் காட்டுகிற எண்ணையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்.

இளையவள் பெண். ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் வாலு. ஐந்து வயதுக்குள் அவளுக்கும் இரண்டு முறை நிமோனியா வந்தது. காதில் சீழ் வடிவது நிற்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் முதன்முதலாக, “இது வெறும் சளி இல்ல, ரத்தத்தைப் பார்ப்போம்” என்றார். பார்த்தார். நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புப் புரதம் அவள் உடம்பில் அறவே இல்லை. பிறவியிலேயே அதை உண்டாக்கத் தெரியாத உடம்பு. லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருகிற குறை.

“எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே மேடம், அப்புறம் எப்படி எங்ககிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்றீங்க?” என்று மீட்டர் கேட்டார்.

“உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்தப் புரதத்தை உண்டாக்குற மரபணுவுக்கு ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. நல்லது ஒண்ணு இருந்தாலே சமாளிச்சுக்கும். இவளுக்கு ரெண்டு பேர்கிட்டேருந்தும் கெட்டதா வந்து சேர்ந்துடுச்சு.”

பிரதி என்றதும் அவர் மனைவிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஒரிஜினலில் கோடு விழுந்திருந்தால் எத்தனை முறை எடுத்தாலும் கோடு வரும். “அப்போ மூத்தவனுக்கும்...?” என்றாள்.

“இருந்திருக்கலாம்மா” என்றார் டாக்டரம்மா.

வைத்தியம் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து அந்த எதிர்ப்புப் புரதத்தை மட்டும் பிரித்து எடுத்துப் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு பாட்டில், சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்ற வேண்டும். கடனாக வாங்கின காவல்காரர்கள் மாதிரி. ஒரு மாதம் காவல் காப்பார்கள், பிறகு கரைந்து போவார்கள், புதிய ஆட்களை அனுப்ப வேண்டும்.

“ஆயிரக்கணக்கான பேரா? அதுல ஒருத்தருக்கு ஏதாவது வியாதி இருந்தா?”

“அதுக்காகத்தான் பல தடவை சுத்தம் பண்றாங்க.”

“யாரு பண்றாங்க?”

மேஜைக்கு அடியில் மனைவி அவர் காலை மிதித்தாள்.

பதினான்கு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவரால் வேலையை விட்டு வர முடியாததால் மனைவிதான் கூட்டிப் போவாள். வாலுவுக்குக் காது காய்ந்தது. மூன்று கிலோ கூடினாள். பள்ளிக்கூடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றதற்காக முதல் புகார் வந்தபோது, அந்தப் புகார்க் கடிதத்தை அம்மா ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள்.

கெட்ட நேரம், ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது. அதைப் பார்க்க வந்தவர் மீட்டரே.

கதவில் நாலு டிகிரி என்று காட்டியது. உள்ளே வைத்துப் பார்த்தால் பதினொன்று. கதவு ரப்பர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. வாலுவின் பாட்டில்களும் இந்த ஸ்டோரிலிருந்துதான் போகின்றன.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று ஸ்டோர்காரரைக் கேட்டார்.

“நேத்துத்தாங்க தெரிஞ்சுது. தெரிஞ்ச உடனே மருந்தையெல்லாம் பக்கத்து ஃப்ரிட்ஜுக்கு மாத்திட்டேன்.”

“நேத்துத்தான் தெரிஞ்சுதா, நேத்துத்தான் கெட்டுச்சா? ரெண்டும் வேற வேற.”

“உங்களுக்கு ரப்பர் மாத்தத்தான் சொல்லியிருக்கு. என்னைக் கூண்டுல ஏத்தச் சொல்லல” என்றார் ஸ்டோர்காரர்.

ரப்பரை மாற்றினார். பக்கத்து ஃப்ரிட்ஜையும் கேட்காமலே சோதித்தார். ஐந்து டிகிரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் மனதில் விழுந்த கிழிசலுக்கு ரப்பர் கிடைக்கவில்லை. அடுத்த முறை பாட்டில் ஏற்றும்போது முதலாளியிடம் பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு அவரே கூட வந்தார்.

வந்த அன்றைக்கே கண்ணில் பட்டது அதுதான். மகளுக்கு ஏற்ற வேண்டிய பாட்டில் இரண்டும் வார்டு மேஜைமேல் சும்மா உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு பேனா, ஒரு பஞ்சு டப்பா. தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றே இல்லை.

வார்டைப் பார்த்துக்கொள்ளும் பெரிய சிஸ்டர் அந்த மாதம்தான் மகள் பிரசவத்துக்காக லீவில் போயிருந்தார். அவர் இடத்தில் வந்திருந்த சின்ன சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

“இதை யாரு வெளியில வச்சது?”

“நான்தான் சார். ஏத்துறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வைக்கணும்னு...”

“கொஞ்ச நேரம்னா எத்தனை நிமிஷம்? எத்தனை டிகிரி வரைக்கும் போகலாம்? சொல்லுங்க பார்ப்போம்.”

அந்தப் பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். “அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க சார்.”

“சொல்லிக்கொடுத்தாங்க! இருபது வருஷமா இதுதான் என் பொழைப்பு. உறைஞ்ச ஐஸ்கிரீம் ஒரு தடவை உருகிட்டா மறுபடி என்ன பண்ணினாலும் அது ஐஸ்கிரீம் இல்ல. போங்க. போய் வேற ரெண்டு பாட்டில் கொண்டு வாங்க. ஃப்ரிட்ஜுலேருந்து நேரா இங்க. வழியில எங்கயும் வைக்கக் கூடாது.”

மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். “என்னங்க, இத்தனை மாசமா வெளியில வச்சுத்தான் போட்டாங்க. பேசாம இருங்களேன்.”

“இத்தனை மாசமும் நான் இல்லையே!”

சின்ன சிஸ்டர் ஓடிப்போய்ப் பாட்டில்களை மாற்றிக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் வியர்த்திருந்தது. அவருக்குத் திருப்தி. கையோடு தொங்கவிட்டார்கள். பாட்டில் தாளில் ‘வெளியே வைத்த நேரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சின்ன சிஸ்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ‘45 நிமிடம்’ என்று எழுதினாள். மீட்டர் அதைப் பார்த்தார். ஏன் எழுதுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. பாட்டில் ஜில்லென்று இருந்தால் போதும், தாளில் எதையாவது எழுதிவிட்டுப் போகட்டும்.

ஒரு மணி நேரத்தில் வாலுவுக்கு நடுக்கம் வந்தது. முதலில் விரல், பிறகு தாடை, பிறகு கட்டிலே ஆடியது. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. மீட்டருக்கு உடனே விளங்கிவிட்டது. பழைய ஃப்ரிட்ஜில் கெட்ட சரக்கைத்தான் இங்கே தள்ளிவிடுகிறார்கள்.

“நிறுத்துங்க! மூடுங்க அதை!”

மூடினார்கள். இரண்டாவது பாட்டிலைத் தொடவே இல்லை. முதல் பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம். திறந்த பாட்டிலைத் திரும்ப வைக்க முடியாது. கீழே கொட்டினார்கள்.

அடுத்த மாதமும் அதேதான். அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு முறையும் அவர் ஸ்டோர் வாசலில் நின்று பாட்டிலை வாங்கி, தானே வேகமாக நடந்து வார்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் குழந்தை நடுங்கினாள், அவர் கத்தினார், ஏறினது பாதிக்கும் குறைவு. காது திரும்ப வடிய ஆரம்பித்தது. மூன்றாவது மாதக் கடைசியில் காய்ச்சல் வந்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடியில் ஒரு வெள்ளைப் படலம்.

பாட்டிலின் லேபிளைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஸ்டோர்காரர் நல்ல பாட்டிலை வேறு யாருக்கோ கொடுக்கிறாரா? சின்ன சிஸ்டர் வேறு எதையாவது கலக்கிறாளா? ஏன் அவள் தன்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லோரையும் கவனித்தார். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு அதே மருந்துதான். அது படுத்துக்கொண்டு படம் வரைந்தது. அதற்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு இங்கே யாரோ வேண்டியவர்கள் இருக்க வேண்டும்.

டாக்டரம்மா இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அன்று சின்ன சிஸ்டரும் தாள்களை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

“மூணு தடவை ரியாக்‌ஷன் ஆகியிருக்கு” என்றார் டாக்டரம்மா. “இந்த மருந்து வரத்து ரொம்பக் கம்மி. பட்டியல்ல காத்திட்டிருக்கிற குழந்தைங்க இருக்காங்க. ஒத்துக்காத உடம்புல வலுக்கட்டாயமா ஏத்துறதும் ஆபத்து. அதனால டாக்டருங்க குழு கூடி, இவளுக்கு நிறுத்திடலாம்னு பேச்சு. இனிமே மாத்திரை, காய்ச்சல் வந்தா ஊசி, அப்படித்தான் பார்த்துக்கணும்.”

“அப்படிப் பார்த்தா எத்தனை நாள் தாங்கும் மேடம்?” என்று மனைவி கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். “இன்னொரு தடவை நிமோனியா வந்தா அந்த நுரையீரல் பழையபடி ஆகாதும்மா.”

“மருந்துதான் கெட்டுப்போச்சுன்னு நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டிருக்கேன்” என்றார் மீட்டர்.

“இதே பெட்டியிலேருந்துதாங்க மத்த குழந்தைங்களுக்கும் போகுது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாத்தையும் சரிபார்த்தாச்சு. சொட்டு மெதுவாத்தான் விட்டிருக்காங்க. பாட்டிலையும் மூணு தடவையும் முக்கால் மணி நேரம் வெளியில வச்சு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஏத்தியிருக்காங்க. இதோ எழுதியிருக்கு. அப்படியும் நடுங்குதுன்னா, அது உடம்போட கோளாறுதான்.”

“அறைச் சூட்டுக்கு எதுக்கு வரணும்?”

“பின்னே? ஃப்ரிட்ஜுலேருந்து எடுத்ததை அப்படியே இருபது கிலோ குழந்தையோட நரம்புல விட்டா நடுங்காம என்ன செய்யும்? அதை எப்பவும் செய்ய மாட்டோம். அதுல மருந்து ஒண்ணும் கெடாது. கொஞ்ச நேரம் வெளியில இருக்கத் தாங்கும்.”

மீட்டர் கதவுப் பக்கம் பார்த்தார். சின்ன சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்து போயிருந்தது.

அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். நடையில் நின்று சுவரைப் பார்த்தார். முதலில் அவருக்கு வந்தது புதிய சந்தேகம்தான். ஃப்ரிட்ஜ் விஷயத்தை மறைப்பதற்காக டாக்டரம்மா இப்போது இந்தக் கதையைக் கட்டுகிறாரோ? ஆனால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போகப் போக அது அவர் கையிலேயே வந்து முடிந்தது. மூன்று மாதம், மூன்று நடுக்கம். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிய கை அவருடையது.

மனைவி பின்னாலேயே வந்தாள்.

“இப்பவாவது சொல்லப் போறீங்களா இல்லையா?”

“சொன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும்.”

“ஓஹோ. மூணு மாசமா அவளை விரட்டு விரட்டுன்னு விரட்டுனப்போ இந்தப் பரிதாபம் எங்க போச்சு?”

“நான் நல்லதுக்குத்தானடி...”

“தெரியும். மூத்தவனுக்கு யாரும் சந்தேகப்படல, அதனால போயிட்டான். இவளுக்கு நீங்க சந்தேகப்பட்டீங்க.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “உள்ள போங்க. நான் போய்ச் சொன்னா, புருஷனைக் காட்டிக்கொடுக்கிறான்னு நெனப்பாங்க. நீங்களே சொல்லுங்க.”

அவர் போனார். தட்டாமல் கதவைத் திறந்தார்.

“மேடம், அந்தத் தாள்ல இருக்கிறது பொய். பாட்டிலை ஒரு நிமிஷம்கூட வெளியில வைக்கல. நான்தான் வைக்க விடல. இந்தப் பொண்ணு வைக்கணும்னுதான் சொல்லுச்சு, நான் மிரட்டினேன். அது பயந்துபோய் எழுதுச்சு. எழுதுறதை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நிறுத்தச் சொல்லிக் கத்தினதும் நான்தான்.”

டாக்டரம்மா அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். அந்தப் பார்வை அவருக்கு மிகவும் பழக்கமானது. ஒரு ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் அவர் பார்க்கிற பார்வை.

“மருந்தை நிறுத்தப் போறோம்னு சொன்ன அஞ்சு நிமிஷத்துல இந்தக் கதை வருது. இதை நான் எப்படி நம்புறது?”

“இந்தப் பொண்ணையே கேளுங்க.” சின்ன சிஸ்டரைக் காட்டினார்.

சின்ன சிஸ்டர் தலையை ஆட்டினாள். “ஆமா மேடம். எழுதினது என் தப்பு.”

“அவ தப்பைப் பத்தி நான் அவகிட்டப் பேசிக்கிறேன்.” டாக்டரம்மா தாள்களை அடுக்கினார். “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கதையைச் சொன்னாலும் அது கதைதான். எனக்குக் குழுகிட்டக் காட்ட ஒண்ணு வேணும். இன்னும் ஒரே ஒரு தடவை ஏத்துறோம். முறைப்படி. நடுங்காம முழுசா ஏறுச்சுன்னா பட்டியல்ல இருப்பா. இல்லேன்னா அதுதான் கடைசி.”

“சரி மேடம். நான் பக்கத்துலயே இருந்து...”

“நீங்க உள்ளயே வரக் கூடாது. நடையில உட்காருங்க. அம்மா மட்டும் இருக்கட்டும்.”

அடுத்த வாரம் அவர் நடையில் உட்கார்ந்தார். இரும்பு பெஞ்சு. எதிரே மூடின கதவு, அதில் கண்ணாடி கிடையாது. ஸ்டோர்காரர் பாட்டில் தட்டோடு அவரைத் தாண்டிப் போனார்.

“என்ன மீட்டர் சார், கதவுல ஒண்ணும் காட்டலையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

இப்போது மேஜைமேல் வைத்திருப்பார்கள். மேஜை எந்தப் பக்கம்? ஜன்னலோரம் வைத்தால் வெயில் படுமே? எழுந்தார். உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஆனதும் உள்ளே யாரோ எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பாட்டில் மாட்டும் கம்பியாக இருக்கும். அப்படியானால் தொங்கவிட்டாச்சு. ஒரு மணி நேரத்தில்தான் நடுக்கம் வரும். கட்டில் ஆடினால் சக்கரம் கிறீச்சிடும், அது அவருக்கு மனப்பாடம். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தச் சத்தமும் வரவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. ஒரு சத்தமும் இல்லையென்றால் என்ன அர்த்தம்? நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தமா? ஏற்றவே இல்லை என்று அர்த்தமா? கதவைத் தட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டால் என்ன? கை கதவுவரை போயிற்று. கேட்டால் இவர் திருந்தவில்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் திரும்பி வந்தார்.

இரண்டாவது மணி நேரத்தில் சின்ன சிஸ்டர் வெளியே வந்தாள். வேலை போகவில்லை. ஆனால் லீவு முடிந்து வந்துவிட்ட பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போடாமல் அவள் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு. மீட்டர் எழுந்து நின்றார். “சிஸ்டர், நான்...” அவள் அவரைப் பார்க்காமல் கடந்து போனாள். அவள் முகத்திலிருந்து உள்ளே நடப்பதைப் படிக்கப் பார்த்தார். ஒன்றும் படிக்க முடியவில்லை.

நான்கரை மணி நேரம் கழித்து மனைவி வந்தாள்.

“முடிஞ்சுது.”

“முழுசா?”

“முழுசா.”

“ரெண்டு பாட்டிலுமா?”

“ரெண்டும்தான்.”

“நடுவுல நீ தூங்கிடலையே?”

அவள் கையிலிருந்த பையால் அவர் தோளில் ஒரு போடு போட்டாள். பிறகு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, நீண்ட மூச்சு விட்டாள். “பட்டியல்ல இருக்கா. டாக்டரம்மா எழுதிட்டாங்க. நீங்க வேணும்னா போய் எழுத்தைப் பார்த்துட்டு வாங்க, இல்லேன்னா உங்களுக்குத் தூக்கம் வராது.”

அவர் போக எழுந்தார். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வாலு வந்துவிட்டாள். புறங்கையில் பிளாஸ்திரி. அதை எல்லோருக்கும் காட்டும்படி கையை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

“அப்பா, உங்களை ஏன் வெளியில உட்கார வச்சாங்க? எங்க ஸ்கூல்ல தப்பு பண்ணினாத்தான் வெளியில உட்கார வைப்பாங்க.”

மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். உதவிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தது.

“தப்புதான் பண்ணிட்டேன். மருந்தை ஜில்லுனு ஏத்தச் சொன்னது நான்தான்.”

“நீங்களா?”

“கெட்டுப்போயிடும்னு பயந்துட்டேன்.”

வாலு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏழு வயதுக்கு அது மிக நீளமான பார்வை.

“எனக்கு எவ்வளவு குளிருச்சு தெரியுமா?”

“தெரியலையே.”

அவள் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். முதலில் கைக்குள் ஒரு நூல் மாதிரி ஜில்லென்று போகும். அப்புறம் அது தோளுக்கு வரும். அப்புறம் முதுகில் யாரோ ஐஸ் தண்ணி ஊற்றுகிற மாதிரி இருக்கும். பல் தானாக அடித்துக்கொள்ளும், நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. போர்வைக்குள் போனாலும் அது உள்ளேயேதான் இருக்கும், ஏனென்றால் குளிர் வெளியில் இல்லை. முதல் தடவையே சொல்லலாம் என்று பார்த்தாள், ஆனால் அப்பா கத்திக்கொண்டிருந்தார்.

அவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.